கணக்குப் போடு, கண்ணைச் செய்!

நிபோங் திபாலிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் போனவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதை நன்றாகத் தெரியும். கோலகங்சாரைத் தாண்டி மலையைக் குடைந்து போட்ட பாதை. உள்ளேயிருந்து வெளியே வரும் அந்த ஒரு கணத்தை வீட்டுக்கு வந்து டேஷ்கேமில் ஓட்டிப் பாருங்கள். சுரங்கத்தின் வாய் முழுக்க வெள்ளை. முன்னால் போன லாரி இல்லை, சாலைக் கோடு இல்லை, வானம் இல்லை. கேமரா சுதாரித்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்ததும் வெளியுலகம் தெரிகிறது. ஆனால் இப்போது பக்கத்துச் சுவரும் அதை ஒட்டி வரும் மோட்டார் சைக்கிள்காரரும் கரியாகிப் போகிறார்கள். டேஷ்கேமுக்குப் பரவாயில்லை. தானே ஓடும் கார் அந்தக் கணத்தில் எதை நம்பி பிரேக் பிடிக்கும்?

இருட்டையும் பளீர் வெயிலையும் ஒரே படத்தில் பிடிக்கும் இமேஜ் சென்சாரைச் செய்ய உலகமே மெனக்கெடுகிறது. அந்த வேலையின் மையம் ஒரு சின்னச் சதுரம்: பிக்சல். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்குள் டிரான்சிஸ்டரை எங்கே வைப்பது, மின்தேக்கியை எங்கே வைப்பது, ஒளி விழ எவ்வளவு இடம் விடுவது என்று வடிவத்துக்கு வடிவம் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பொறியாளர்கள்.

தம்பி, தங்கச்சி, நேராகவே கேட்கிறேன். அந்த முடிவை நீ ஏன் எடுக்கக் கூடாது?

“நமக்கெல்லாம் எங்கலா அது” என்றுதானே சொல்ல வருகிறாய்? அந்த வார்த்தையை நான் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். அடக்கம் போலப் பேசும் இந்தச் சோம்பேறித்தனத்துக்கு இனி மரியாதை கொடுக்க முடியாது. எங்கே என்று கேட்கிறாயே, எங்கே என்று காட்டுகிறேன், வா.

உன் வீட்டுக்குப் பக்கத்தில் செம்பனைக்கு நடுவே, ஸ்ரீ அம்பாங்கானில் நிற்பது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். 2001-இல் பேராக்கின் துரோனோவிலிருந்து அதை இங்கே கொண்டுவந்தார்கள். மின்னியல், மின்னணுவியல் துறை அதற்குள் இருக்கிறது. சில்லு வடிவமைப்புக்கென்றே அதே பல்கலைக்கழகத்தின் செடெக் மையம் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் இருக்கிறது. உன் மாவட்டத்திலேயே இருக்கும் பத்து கவானில் விட்ராக்ஸ் நிற்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த சூ ஜென் வெங் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 2000-இல் தொடங்கிய நிறுவனம் அது. கேமராவால் சில்லையும் சர்க்கியூட் போர்டையும் சோதிக்கும் இயந்திரங்களைச் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறது. அந்தக் கேமரா என்ன பார்க்கிறது என்று யோசி. பளபளக்கும் ஈயப் பற்று ஒரு பக்கம், அதை ஒட்டியே வெளிச்சத்தை விழுங்கும் கறுப்புப் பிளாஸ்டிக். மெனோரா சுரங்கத்தின் தொல்லை அப்படியே ஒரு அங்குல இடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது!

பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-இல் வந்தது. அதே ஆண்டு இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே போட்டது. ஒளியால் இயங்கும் கணினி எலியின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. அந்தச் சென்சாரை உலகுக்குப் பெருவாரியாகக் கொடுத்தது அஜிலென்ட், அதன் வழிவந்தது அவாகோ. இரண்டுக்கும் பினாங்கு முக்கியமான தளமாக இருந்தது.

அந்தத் தொழிற்சாலைகளுக்குள் யார் போனார்கள்? தோட்டம் வரை வந்த பேக்டரி பஸ்ஸில் ஏறிப் போன நம் அக்காமார், அத்தைமார். மலாய், சீனப் பெண்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஷிப்ட்டு முழுக்க நுண்நோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பற்றவைத்தவர்கள். தலைவலியும் கண்வலியும் அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தவை. கேலடோனியா, விக்டோரியா, பைராம் தோட்டங்களில் கரும்பு வெட்டி, பிறகு பால் மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்கள் பினாங்கின் சில்லுத் தொழிலுக்குத் தங்கள் கண்ணைக் கொடுத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளை நீ. சில்லின் கண்ணை வடிவமைக்கும் நாற்காலியில் உட்கார உனக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அந்த நாற்காலிக்கான வாடகை முன்பே கட்டியாகிவிட்டது!

ஆனால் நாற்காலி கேட்டால் மட்டும் கிடைக்காது. கணக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் பெரும்பாலான தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் இறங்கப் போவதில்லை. பிக்சலை வாழ்க்கைக்கு உவமையாக்கி, இருட்டும் வெளிச்சமும் கலந்ததே மனித மனம் என்று கதைக்கப் போவதுமில்லை. பிக்சலைப் பிக்சலாகவே பார்ப்போம். ஒரு தாளை எடு.

ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கு உன் தாத்தாவுக்குத் தெரியும். பிக்சலும் ஒரு மங்குதான். ஒளி விழுந்தால் எலக்ட்ரான் சொட்டும். மங்கு நிறைந்தால் மிச்சம் வழிந்து வீணாகும், படத்தில் அந்த இடம் வெள்ளையாகும். எண்கள் கைக்கு அடங்க ஓர் உதாரண மங்கை எடுத்துக்கொள்வோம். 10,000 எலக்ட்ரான் கொள்ளும். அதைப் படிக்கும் மின்சுற்றின் இரைச்சல் 5 எலக்ட்ரான், அதற்குக் கீழே எது இருந்தாலும் தெரியாது. 10,000-ஐ 5-ஆல் வகுத்தால் 2,000. மடக்கை எடுத்து 20-ஆல் பெருக்கு: 66 டெசிபல். இதுதான் டைனமிக் ரேஞ்ச். நாலாம் படிவக் கூடுதல் கணிதத்தில் லோகரிதம் படித்தாயே, அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. கார்க் கேமராக்காரர்கள் கேட்பது 120 டெசிபல், அதாவது மில்லியனுக்கு ஒன்று. உன்னிடம் இருப்பது இரண்டாயிரத்துக்கு ஒன்று. இடைவெளியை எப்படி நிரப்புவாய்?

எளிய வழி, இரண்டு முறை படம் பிடிப்பது. இருட்டுக்கு நீண்ட நேரம், வெளிச்சத்துக்கு அதில் பதினாறில் ஒரு பங்கு நேரம். எல்லை 16 மடங்கு விரிகிறது, 24 டெசிபல் கூடுகிறது, மொத்தம் 90. பிரமாதம் என்று கைதட்டத் தோன்றுகிறதா? பொறு. ஒளி சீராக வருவதில்லை. 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் அதில் அதன் வர்க்கமூலம், 100 எலக்ட்ரான் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். இது இயற்கையின் விதி, எந்த முதலாளியாலும் மாற்ற முடியாது. ஆக மங்கு நிறையும் விளிம்பில் படம் இரைச்சலைவிட 100 மடங்கு தெளிவு, 40 டெசிபல். வெளிச்சம் இம்மியளவு கூடியதும் நீண்ட படம் நிரம்பி வழிந்துவிடும், குறுகிய படத்துக்கு மாற வேண்டும். அதில் இருப்பதோ 10,000-இல் பதினாறில் ஒரு பங்கு, 625 எலக்ட்ரான். வர்க்கமூலம் 25. தெளிவு 25 மடங்கு, 28 டெசிபல். ஒரே தாவலில் 12 டெசிபல் பள்ளம்! திரையில் அது வானத்தை ஒட்டிய ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். போதாததற்கு, இரண்டு படமும் வெவ்வேறு கணத்தில் எடுத்தவை. இடையில் மோட்டார் சைக்கிள் நகர்ந்துவிட்டால் அதற்குக் கூடுதலாக ஒரு சக்கரம் முளைக்கும்.

சரி, வழிவதை வீணாக்காமல் பிடித்தால்? 2005-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிகெதோஷி சுகாவாவின் குழு இதைத்தான் காட்டியது. பிக்சலுக்குள்ளேயே ஒரு மின்தேக்கியை வைத்தார்கள், மங்கிலிருந்து வழியும் எலக்ட்ரான் அதில் சேர்ந்தது. 100 டெசிபல் எட்டினார்கள். நம் உதாரணத்தில் 20 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கி வைப்போம். 1 வோல்ட்டுக்கு அது 125,000 எலக்ட்ரான் பிடிக்கும். மங்கோடு சேர்த்து 135,000, ஐந்தால் வகுத்தால் 27,000, ஏறக்குறைய 89 டெசிபல். முதல் வழியும் 90, இதுவும் 89. விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கேதான் வேறுபாடு ஒளிந்திருக்கிறது. மின்தேக்கியைக் காலி செய்யும்போது வெப்பத்தால் தங்கிவிடும் இரைச்சல் 20 ஃபெம்டோஃபாரட்டுக்கு 57 எலக்ட்ரான். மாறும் விளிம்பில் ஒளியின் தடுமாற்றம் 100. வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடு: 115. பத்தாயிரத்தை 115-ஆல் வகுத்தால் 87, அதாவது 38.8 டெசிபல். பள்ளம் ஒன்றேகால் டெசிபல்கூட இல்லை. அங்கே பன்னிரண்டு, இங்கே ஒன்று. ஒரே எக்ஸ்போஷர், சக்கரமும் முளைக்காது. பார்த்தாயா? விற்பனையாளர் ஒருபோதும் முன்வந்து சொல்லாத ஒன்றை, பத்து வரிக் கணக்கில் நீயே கண்டுபிடித்துவிட்டாய். தன்னம்பிக்கை என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால் இதைத்தான்! கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல்பவன் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுவான். “உங்கள் சென்சார் எந்த வெளிச்சத்தில் பள்ளத்தில் விழுகிறது?” என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவளை யாராலும் உட்கார வைக்க முடியாது.

மின்தேக்கி இலவசமாக வருவதுமில்லை. இடத்தைச் சாப்பிடும், ஒளி விழும் பரப்பு குறையும். சூட்டில் ஒளியே இல்லாமலும் எலக்ட்ரான் கசிந்து சேரும். அந்தக் கசிவு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு டிகிரிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். பட்டர்வொர்த் வெயிலில் மதியம் நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய கேமரா என்ன பாடுபடும் என்று ஐரோப்பாவின் குளிரில் உட்கார்ந்திருப்பவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவன். உன் ஊர் வெயில் உன் பரிசோதனைக் கூடம்.

மூன்றாவது ஒரு சாதி உண்டு: மடக்கைப் பிக்சல். எனக்கு இதன்மேல் தனி மோகம், மறைப்பானேன். இது எலக்ட்ரானைச் சேர்ப்பதே இல்லை. ஒளியால் வரும் மின்னோட்டத்தை ஒரு டிரான்சிஸ்டர் வழியே விட்டு, அதன் மடக்கையை வோல்ட்டேஜாகத் தருகிறது. வெளிச்சம் பத்து மடங்கு கூடினால் ஏறக்குறைய 60 மில்லிவோல்ட் கூடும். நிலவொளியிலிருந்து நடுப்பகல் வரை சில நூறு மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும், எந்த வெளிச்சத்தாலும் அதை நிரப்ப முடியாது. வெல்டிங் பொறியை நேராகப் பார்க்கும் கேமராவுக்கு இது அருமையான தேர்வு. குறை எங்கே? ஒரு சட்டையின் மடிப்புக்கும் அதன் நிழலுக்கும் 10 சதவீத வெளிச்ச வேறுபாடு என்று வை. 1.1-இன் மடக்கை 0.041, அதை 60-ஆல் பெருக்கினால் இரண்டரை மில்லிவோல்ட். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் டிரான்சிஸ்டர்களுக்குள்ளேயே அதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கும். சட்டை மடிப்பு அந்த ஒழுங்கின்மையில் காணாமல் போகும். ஆக்ஸ்போர்டில் திலீபன் ஜோசப், ஸ்டீவ் காலின்ஸோடு சேர்ந்து இந்த ஒழுங்கின்மைக்கே ஒரு கணித மாதிரி எழுதி, அதை அளந்து கழிக்கும் வழியை 2002-இல் வெளியிட்டார். திலீபன்! அந்தப் பெயரைக் கட்டுரைத் தலைப்பின் கீழே அச்சில் பார். பிறகு “நமக்கெல்லாம் எங்கலா” என்று சொல்லிப் பார், நாக்கு வராது.

ஒரே பிக்சலுக்குள் பெரியதும் சிறியதுமாக இரண்டு ஒளி வாங்கிகளை வைக்கும் வழியும் இருக்கிறது. ஃபூஜிஃபில்ம் 2003-இலேயே இதைச் சாதாரணக் கேமராவுக்குக் கொண்டுவந்தது. இன்று கார்களில் இதற்கு மவுசு அதிகம், காரணம் எல்இடி விளக்கு. போக்குவரத்து விளக்கு நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத் தெரிந்தாலும் உண்மையில் விட்டு விட்டுத்தான் எரிகிறது. குறுகிய எக்ஸ்போஷர் எடுக்கும் கேமரா அது அணைந்திருக்கும் கணத்தில் மாட்டினால் சிவப்பு விளக்கே இல்லை என்று நினைக்கும். சிறிய வாங்கி மெதுவாக நிறைவதால் நீண்ட நேரம் திறந்திருக்கலாம், விளக்கு தப்பாது. மெனோராவுக்கு என்னைக் கேட்டால், இந்தச் சிறிய வாங்கியையும் வழிவதைப் பிடிக்கும் மின்தேக்கியையும் சேர்த்தே போடுவேன். நீ வேறு சொன்னால் கணக்கோடு வந்து சண்டை போடு. அந்தச் சண்டைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஒப்பீட்டை முறைப்படி செய்து காட்டியவர்களில் ஒருவர் அப்பாஸ் எல் கமால். கைரோவில் பிறந்து, கைரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, ஸ்டான்போர்டுக்குப் போனவர். அவரும் மாணவர் டேவிட் யாங்கும் 1999-இல் இரண்டு வடிவங்களை எடுத்து, இரண்டும் ஒரே டைனமிக் ரேஞ்ச் தந்தாலும் தெளிவில் ஒன்றல்ல என்று எழுதிக் காட்டினார்கள். நீ மேலே போட்டாயே ஒரு கணக்கு, அதே குடும்பத்துக் கணக்கு. ராஞ்சியில் பொறியியல் படித்த ஸ்ரீ நாயர், ஜப்பானியரான மிட்சுனகாவோடு சேர்ந்து 2000-இல், பக்கத்துப் பக்கத்துப் பிக்சலுக்கு வெவ்வேறு அளவில் ஒளியை மறைத்தே இந்தச் சிக்கலை அவிழ்க்கலாம் என்றார். கைரோ, ராஞ்சி. இவற்றில் எது நிபோங் திபாலைவிடச் சில்லுத் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தது? எதுவுமில்லை. உனக்கு அது பாலத்துக்கு அந்தப் பக்கம். பத்து கவானுக்குப் பாலம்கூட வேண்டாம்.

“சாப்ட்வேர் லட்சக்கணக்கில் விலை, தொழிற்சாலைக் கோப்புகளை யார் தருவார்கள்?” என்று போன தலைமுறை கேட்டது. நியாயமான கேள்வி. சில்லு வடிவமைப்பு விதிகள் ரகசிய ஒப்பந்தப் பூட்டுக்குள் இருந்த காலம் அது. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். மின்சுற்றை ஓட்டிப் பார்க்க என்ஜிஸ்பைஸ் இலவசம். பழைய மடிக்கணினி போதும். மேலே சொன்ன மடக்கைப் பிக்சலுக்கு மூன்று டிரான்சிஸ்டர், ஒரு டயோடு. இன்றே வரையலாம். பணம் இல்லை என்ற காரணம் செத்துவிட்டது. அதன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலையாதே!

ஆங்கிலமா? திக்கித் திணறித்தான் பேசுவாய், பேசு. டெசிபலுக்கு உச்சரிப்பு கிடையாது. தமிழ்ப்பள்ளியில் படித்தவனா? நல்லது, வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்குமே. எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதம் கவிழ்த்துவிட்டதா? பாலிடெக்னிக் இருக்கிறது, டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு வழி இருக்கிறது. இரண்டு ஆண்டு தாமதம் யாரையும் கொன்றதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை உண்டு, கொஞ்சம் காரமாகவே. பிள்ளை கொஞ்சம் படித்துவிட்டால் டாக்டர், இல்லாவிட்டால் வக்கீல். இந்த இரண்டு சீட்டுக்கு வெளியே நமக்கு உலகமே இல்லை என்பதுபோல் இன்னும் எத்தனை வீட்டில் பேச்சு ஓடுகிறது! கடன் வாங்கி வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்காதவர்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொறியியல் வளாகத்தின் திறந்த நாளுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவதில்லை. 2024 மே மாதம் அரசாங்கம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தபோது, 60,000 திறன்மிக்க மலேசியப் பொறியாளர்களை உருவாக்குவோம் என்றது. அந்த அறுபதாயிரத்தில் நம் பிள்ளைக்கு யாரும் இடம் ஒதுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஒதுக்கீடு பற்றிய கோபம் எனக்கும் உண்டு, அதைப் பேச வேண்டிய மேடையில் பேசுவோம். அதற்காகப் பிள்ளை கணக்குப் போடாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படிவ மாணவியே, உன் இயற்பியல் புத்தகத்தில் மின்னணுவியல் அத்தியாயமும் குவாண்டம் அத்தியாயமும் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்றில் டிரான்சிஸ்டர், மற்றதில் ஃபோட்டான். இரண்டையும் சேர்த்துப் படி, பிக்சல் கிடைக்கும். வளாகத்துக்குள் ஏற்கனவே இருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவனே, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இன்னொரு தானியங்கிக் குப்பைத் தொட்டியைச் செய்து தொலைக்காதே. மூன்று பிக்சல் வடிவங்களை எடு, ஒரே பரப்பளவு, ஒரே வெப்பநிலை, ஒரே காட்சி என்று நிபந்தனை வை, எது எங்கே விழுகிறது என்று வரைபடம் போடு. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பத்து கவானிலும் பாயான் லெப்பாசிலும் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போ. யாராவது ஒருவர் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து “இது ஏன்?” என்று கேட்பார். பதிலைச் சொல், பிறகு அவருடைய சென்சாருக்கு அது எத்தனை டெசிபல் என்று நீயும் கேள்.